‘முல்லையும் பூத்தியோ’ என்று கேட்ட பெகு வாசகிக்கு

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எனக்கு வயது 19. பர்மாவில், பெகுவில் அம்மாவோடு இருக்கிறேன். கைப்பேசிக் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் படிக்கிறேன். சென்ற ஆடி மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் என் அண்ணன் இறந்துவிட்டான். அவனுக்கு 23 வயது. தமிழில் கவிதை எழுதுவான். ரங்கூனில் வேலை செய்யும் அவனுடைய நண்பர் ஒருவர், கருமாதி முடிந்த பிறகு, அண்ணனின் கவிதை நோட்டு தன்னிடம் இருந்ததாகச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் தமிழ்க் குடும்பம்தான். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. பர்மியத்தில் கவிதை எழுதுவார். அன்று முதல் ஞாயிறுதோறும் வருகிறார். நான் அண்ணனின் கவிதைகளை வாசித்துக் காட்டுவேன். அம்மா அவருக்கு அண்ணனின் கிண்ணத்தில் மொஹிங்கா (மீன் குழம்பில் நூடுல்ஸ்) ஊற்றிக் கொடுப்பார்.

இந்தத் திங்யானுக்கு (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முதல் மழை பெய்த மறுநாள், ஒரு கொத்து மஞ்சள் படௌக் பூவைக் கொண்டுவந்து கொடுத்து, என்னை விரும்புவதாகச் சொன்னார். எனக்கும் அவரைப் பிடிக்கும். பூவை வாங்கிக்கொண்டேன், தலையில் வைக்க முடியவில்லை, அண்ணன் படத்துக்கு முன்னால் தண்ணீர்க் குவளையில் வைத்துவிட்டேன். இனிமேல் தன்னைக் ‘கோகோ’ என்று கூப்பிடச் சொல்கிறார். சின்ன வயதிலிருந்து, தெருவில் பர்மியப் பிள்ளைகளோடு சேர்ந்து, அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைக்கிறது. அண்ணனுக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் துரோகியா? இது காதலா, துக்கமா? முகநூலில் போடுகிறார்களே, துக்கத்தின் ஐந்து நிலைகள் என்று, அவற்றில் நான் எங்கே இருக்கிறேன் என்றும் தெரியவில்லை.

அவர் எழுதிய நான்கு கவிதைகளை எனக்குத் தெரிந்த மட்டும் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அண்ணன் தன் நோட்டின் முதல் பக்கத்தில் ‘முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே’ என்று எழுதியிருக்கிறான். அதற்கு என்ன பொருள்? நோட்டில் இன்னும் 31 பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றில் நான் எழுதலாமா? இரவில் தூக்கம் சரியாக வருவதில்லை. சில இரவுகளில் அண்ணனோடு நானும் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியாக, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அண்ணனோடு நானும் போயிருக்கலாம் என்ற சொற்களை, உடன்பிறந்தவரை இழந்த பலர் ஆலோசனைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் அது, போனவரை இன்னொரு முறை பார்த்துவிட மாட்டோமா என்ற ஏக்கத்தின் மறுபெயராகவே இருந்தது. சிலரிடம் அப்படி இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் முடிவு செய்யக் கூடாது. ஆகவே நேராகவே கேட்கிறேன். அந்த நினைப்பு வரும்போது, எப்படிப் போவது என்ற யோசனையும் கூடவே வருகிறதா? வருகிறது என்றால் இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அந்த இரவே அம்மாவை எழுப்பிச் சொல்லுங்கள். விடிந்ததும் அவரோடு மருத்துவரிடம் போங்கள். துக்கத்தில் இருக்கும் அம்மாவின் தூக்கத்தையும் கெடுப்பதா என்று நீங்கள் தயங்குவீர்கள் என்பது உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது. தயங்க வேண்டாம். அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார்.

தூக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துக்கம் எப்போது நோயாகிறது என்பதற்கு மருத்துவ உலகம் கால அளவு வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அது குறைந்தது 6 மாதம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் திருத்தி வெளியிட்ட கையேட்டில், வயது வந்தோருக்கு 12 மாதம். உங்களுக்குப் பத்து மாதம் ஆகிறது என்பதால் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். நாள் கணக்கு மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. ஏக்கம் நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டு, வேலை, படிப்பு, சாப்பாடு, மனிதர்கள் என்று எதிலும் கை வைக்க முடியாமல் செய்கிறதா என்பதையே நாங்கள் முதலில் பார்க்கிறோம். அந்தந்தச் சமூகம் துக்கத்துக்கு எவ்வளவு காலம் ஒதுக்குகிறது என்பதையும் பார்க்கச் சொல்கிறார்கள். நம்மிடையே தலைத்திவசம் வரை பண்டிகை இல்லை என்பது அப்படி ஓர் ஒதுக்கீடுதான். நீங்கள் கடைக்குப் போகிறீர்கள், படிக்கிறீர்கள், கவிதையை மொழிபெயர்க்கிறீர்கள். தூக்கம் மட்டும் பிடிவாதமாக வராமல் இருக்கிறது. அதை ஒரு மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து நிலைகளை மறந்துவிடுங்கள். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர் ராஸ் அவற்றை எழுதியபோது, மரணத்தை எதிர்நோக்கிப் படுக்கையில் இருந்த நோயாளிகளைப் பார்த்தே எழுதினார். இறந்தவரின் தங்கை ஏறி முடிக்க வேண்டிய படிக்கட்டாக அவை பிற்காலத்தில்தான் ஆக்கப்பட்டன. நான் வேலையில் பயன்படுத்துவது வேறொன்று. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1999இல் எழுதியது. துக்கப்படுபவர் இரண்டு திசைகளுக்கு இடையே போய்ப் போய் வருகிறார் என்பது அவர்கள் சொன்னது. ஒரு நேரம் இழப்பின் பக்கம்: படத்தைப் பார்ப்பது, அழுவது, சட்டையை முகர்வது. இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம்: வேலை, புதிய மனிதர், ஒரு சிரிப்பு. ஒரே நாளில் பத்து முறைகூட இந்தப் போக்குவரத்து நடக்கலாம். போவதும் வருவதுமாக இருப்பதுதான் ஆரோக்கியம். ஒரே கரையில் கட்டிப்போட்ட படகாக இருந்தால்தான் நாங்கள் கவலைப்படுவோம். பூவைக் கையில் வாங்கியது ஒரு கரை. அதை அண்ணன் படத்துக்கு முன் வைத்தது மறு கரை. இரண்டையும் சில நிமிடங்களுக்குள் செய்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் அண்ணன் எழுதி வைத்த வரி. அது புறநானூற்றின் 242ஆம் பாட்டு; குடவாயிற் கீரத்தனார் பாடியது; ஆறே அடி. ஒல்லையூர் நாட்டில் சாத்தன் என்றொரு வீரன் இறந்துவிட்டான். ஊரில் யாரும் பூச் சூடவில்லை. ‘இளையோர் சூடார், வளையோர் கொய்யார்’ என்று பாட்டு தொடங்குகிறது. இளைஞர்கள் சூடமாட்டார்கள், வளை அணிந்த பெண்கள் பறிக்கமாட்டார்கள். பாணனும் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள். இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசி அடியில் செடியைப் பார்த்துக் கேட்கிறார்: சாத்தன் மாய்ந்த பிறகு, முல்லையே, நீயும் பூக்கிறாயா?

உங்கள் கடிதத்தில் ‘தலையில் வைக்க முடியவில்லை’ என்ற வரியைப் படித்தபோது, இந்தப் பாட்டு உங்கள் வீட்டுக்குள்ளேயே நடப்பதுபோல் இருந்தது. இலக்கணம் என் துறை அன்று. ஆனாலும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. முல்லை நம் பழைய கவிதையில் வெறும் பூ அன்று. போருக்குப் போனவன் கார்காலத்தில் திரும்பி வருவான் என்று வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் திணை அது. அந்தப் பூ, இனித் திரும்பி வரவே முடியாத ஒருவனுடைய நாட்டில், மழை வந்ததும் தன் வழக்கப்படி பூத்துவிட்டது. கீரத்தனாரால் அதைத் தாங்க முடியவில்லை. கேட்டுவிட்டார். ஆனால் கேள்வியோடு பாட்டு நின்றுவிடுகிறது. செடியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை; பூத்தது குற்றம் என்று தீர்ப்பும் எழுதவில்லை. ‘துரோகி’ என்ற சொல்லை நீங்களாகத்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். அது அண்ணனின் நோட்டிலும் இல்லை, அவர் எழுதி வைத்த பாட்டிலும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் படௌக் என்று சொல்லும் மரமும், சங்கப் பாட்டில் வரும் வேங்கையும் ஒரே குடும்பத்து மரங்கள்; பொன்னிறப் பூ இரண்டுக்கும். இங்கே அது முதல் மழைக்குப் பூத்து, ஒரு நாளில் உதிர்ந்து, திங்யானில் பெண்களின் தலையில் ஏறுகிறது. அங்கே குறிஞ்சி நிலத்தில் வேங்கை பூத்தால் மணநாள் நெருங்கிவிட்டது என்று கணக்கு. கணியைப்போல் நாள் குறித்துச் சொல்லும் மரம் என்றே அதைச் சொன்னார்கள். அந்த இளைஞருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலேயே சரியான பூவைத்தான் கொண்டுவந்திருக்கிறார். படௌக் ஒரு நாள் பூ. நீங்கள் அதைச் சூடியிருந்தாலும் மறுநாள் உதிர்ந்திருக்கும். குவளையில் வைத்ததால் அவரை மறுத்ததாக ஆகாது. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது, அடுத்த ஞாயிறும் ரங்கூனிலிருந்து 50 மைல் ரயிலில் வந்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது.

ஆக, குற்றவுணர்வு எனக்குப் பெரிய கவலையாக இல்லை. அது காலத்தோடு கரையும். என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. நீங்கள் அதை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேள்வியாகக் கேட்கவில்லை.

அந்தக் கிண்ணம். உங்கள் அம்மா அந்த நண்பருக்கு அண்ணனின் கிண்ணத்தில் உணவு கொடுக்கிறார். அவர் அண்ணனின் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறார். அண்ணனின் கவிதைகளைக் கேட்கிறார். இப்போது அண்ணனை நீங்கள் கூப்பிட்ட சொல்லால் தன்னையும் கூப்பிடச் சொல்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள். யாரும் திட்டமிடவில்லை; யாரும் தவறு செய்யவில்லை; ஆனால் மூவரும் சேர்ந்து, இறந்துபோன ஒருவருடைய இடத்தில், உயிரோடிருக்கும் ஒருவரை மெல்ல மெல்ல உட்கார வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரும் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். அவருக்கும் அது ஆறுதலாக இருக்கலாம். அவரும் நண்பனை இழந்தவர்தானே.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. 2021 ஜூலையில், ஆக்சிஜன் உருளைக்காக ரங்கூன் முழுவதும் மக்கள் வரிசையில் நின்ற அந்த நாள்களில், என் தம்பியை இழந்தேன். அவனுடைய கறுப்புக் குடை எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. ஒருநாள் மழையில் என் கணவர் அவசரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் நான் போட்ட சண்டை அக்கம்பக்கமெல்லாம் கேட்டிருக்கும். உங்கள் அம்மா எனக்கு நேர்மாறு. யாராவது அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டால்தான் அவருக்கு மனம் ஆறுகிறது. குடையைத் தொடவிடாததும், கிண்ணத்தைக் காலியாக விடாததும் ஒரே வலிதான். ஆனால் கிண்ணத்தின் எதிரில் உட்கார்ந்திருப்பவரை உங்கள் மனம் விரும்பத் தொடங்கிவிட்டதால், அது இனி உங்கள் அம்மாவின் ஆறுதல் மட்டுமாக இருக்க முடியாது.

காதலா, துக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான் என்று சொல்வேன். இரண்டும் கலந்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; ஒரே இழப்பு உங்கள் இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தது, பேச வைத்தது. ஆனால் கலந்திருப்பது எவ்வளவு எவ்வளவு என்பது உங்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த இளைஞர் உங்கள் அண்ணனுடைய இடத்தைவிட்டு எழுந்து, தனக்கென்று ஓர் இடத்தில் உட்கார வேண்டும். அப்போதும் அவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, அப்போதும் அவருக்கு ஞாயிறுதோறும் வரத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

‘கோகோ’விலிருந்து தொடங்கலாம். பர்மியத்தில் அந்தச் சொல் அண்ணனுக்கும் உண்டு, காதலனுக்கும் உண்டு. பர்மியப் பெண் ஒருத்தி தன் காதலனை அப்படி அழைப்பது மிக இயல்பு, இங்கே பிறந்து வளர்ந்த அவர் கேட்டதிலும் விகற்பம் எதுவுமில்லை. தமிழில் அப்படி இல்லை. அண்ணன் என்ற சொல் நம்மிடம் ஒருநாளும் அந்தப் பக்கம் போகாது. அதற்கு மாமா, மச்சான், அத்தான் என்று வேறு வரிசை இருக்கிறது. நீங்கள் இரண்டு மொழிக்குள்ளும் வளர்ந்தவர். உங்கள் தொண்டை அடைப்பது காதலில் சந்தேகம் இருப்பதால் அன்று. அந்தச் சொல்லுக்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ‘இந்தச் சொல் என் அண்ணனுடையது, உங்களுக்கு வேறொன்று தேடிக்கொள்ளலாம்’ என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு வீட்டில் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று இருக்குமே. நம் குடும்பங்களில் பள்ளிப் பதிவில் ஒன்று, பாட்டி கூப்பிட ஒன்று என்று இரண்டு பெயர் இல்லாதவர் குறைவு. அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கவிதைகள். நான்கையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது; ‘மழை நின்ற பிறகும் தகரக் கூரை பேசிக்கொண்டிருந்தது’ என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நான்கு கவிதைகளிலும் உங்கள் அண்ணன் வருகிறார். நீங்கள் வருவது ஒரே இடத்தில், ‘அவன் சிரிப்பை உன் முகத்தில் பார்த்தேன்’ என்ற வரியில். அழகான வரிதான். எழுதியவரின் நேர்மையிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எனினும், 19 வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் காதல் கவிதையில், அவளுடைய சிரிப்பு அவளுடையதாக இருக்க வேண்டாமா? இதை அவரிடம் குறையாகச் சொல்லாதீர்கள். உங்கள் அண்ணனுக்குத் தெரியாத உங்களைப் பற்றி ஒரு கவிதை எழுதித் தரும்படி கேளுங்கள். கைப்பேசிக் கடையில் உடைந்த திரையை மாற்றும்போது நீங்கள் நாக்கைக் கடித்துக்கொள்வீர்களோ என்னவோ. அதைப் போல் ஏதாவது. அவரால் எழுத முடியாமல் போனால் அதை உடனே தோல்வி என்று எண்ணிவிட வேண்டாம். அவர் இதுவரை உங்களைப் பார்த்ததெல்லாம் ஒரு நோட்டின் வழியாகத்தான் என்று அர்த்தம்.

நோட்டைத் தாண்டி இருவரும் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் எனக்குத் தோன்றுகிறது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்கிறீர்கள். 1960களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, கோயில்களில் மாலை நேரத்தில் நடந்த வகுப்புகளே நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் காப்பாற்றிக் கொடுத்தன. அந்த வகுப்புக்குப் போக முடியாதவர்கள் ஏராளம், அவர் மட்டும் இல்லை. இதுவரை நீங்கள் வாசிக்க, அவர் கேட்டிருக்கிறார். இனி அவருக்கு எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். பர்மிய எழுத்தும் தமிழ் எழுத்தும் பிராமியின் வழிவந்தவைதாம். வட்டம் வட்டமாக எழுதிப் பழகிய கைக்கு நம் ‘ட’வும் ‘ப’வும் முதலில் கட்டம் கட்டமாகத் தெரியும், பிறகு பழகிவிடும். பதிலுக்கு அவர் உங்களுக்குப் பழைய பர்மிய யாப்பைக் கற்றுத் தரட்டும். அடிக்கு நான்கு அசை. முதல் அடியின் நான்காம் அசையோடு இரண்டாம் அடியின் மூன்றாம் அசையும், மூன்றாம் அடியின் இரண்டாம் அசையும் ஒலி ஒத்து வரும். ஏணியில் ஏறுவதுபோல் ஒலி இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். நம் எதுகை அடிதோறும் இரண்டாம் எழுத்தில் அசையாமல் நிற்பது. இந்த இரண்டையும் வைத்து இருவரும் ஒரு மாதம் சண்டை போடலாம். அந்தச் சண்டையில் உங்கள் அண்ணனுக்குப் பங்கிருக்காது; அதனால்தான் சொல்கிறேன்.

அம்மாவிடம் எப்போது சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. மறைத்து வைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஆடியில் தலைத்திவசம் வருகிறது; அதுவரை பேசாமல் இருப்பதில் தவறில்லை, அந்த நாளை அம்மா முழுமையாகத் தன் மகனுக்கென்று செய்து முடிக்கட்டும். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். ஞாயிறுதோறும் ஓர் இளைஞர் வந்து போகும் வீட்டைப் பற்றிக் கோயில் வாசலில் என்ன பேச்சு நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அம்மா அதை அங்கே கேட்பதைவிட உங்களிடம் கேட்பது நல்லது. ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். அவர் கோபப்படுவார் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். அவர் அழக்கூடும் என்று நான் நினைக்கிறேன். அந்த இளைஞரை அவர் ஏறக்குறைய மகனாக்கிக்கொண்டுவிட்டார். நீங்கள் வாயைத் திறந்ததும் அந்த மகன் மறுபடி ஒருமுறை போய்விடுவான். அவர் ‘அவன் உனக்கு அண்ணன் முறை ஆயிற்றே’ என்று சொன்னால், அதோடு வாதாடாதீர்கள். அந்த வார்த்தையில் உறவுமுறையைவிட அவருடைய மகன்தான் அதிகம் இருப்பான். பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொரு நாள் மறுபடி பேசலாம்.

அதற்கு முன்பே செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று இருக்கிறது. கடைத்தெருவில் ஒரு புதிய கிண்ணம் வாங்குங்கள். அடுத்த ஞாயிறு அந்த இளைஞருக்கு அதில் கொடுங்கள். அண்ணனின் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். திதியன்று அவருக்குப் படைக்க அது வேண்டும். இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையில் நம்பினார்கள். 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலானோர் தொகுத்த நூல் ஒன்று, உறவு அறுவதில்லை, வேறு உருவத்தில் தொடர்கிறது என்று வாதிட்ட பிறகே அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. ஆண்டுதோறும் திதி கொடுக்கும் நமக்கு இது ஒரு கண்டுபிடிப்பாகத் தெரியாது. அம்மா ஏன் கிண்ணத்தை மாற்றினாய் என்று கேட்டால், ‘அது அண்ணனுடையது அம்மா’ என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை.

இறுதியாக அந்த 31 பக்கங்கள். எழுதுவது துக்கத்தை ஆற்றுமா என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். 1986இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் மனத்தைப் பாதித்த நிகழ்ச்சிகளைப் பற்றி எழுத வைத்துப் பார்த்தார். பிந்திய மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. ஆனால் மரணத்தால் வரும் துக்கத்துக்கென்று பின்னால் செய்த ஆய்வுகள் அவ்வளவு உற்சாகமாக இல்லை. எனவே மருந்து என்று நினைத்து எழுதாதீர்கள். எழுதத் தோன்றினால் எழுதுங்கள். இரவில் தூக்கம் வராமல் புரளும்போது, அண்ணனுக்கு ஒரு கடிதமாக, வீட்டில் நடப்பதையெல்லாம் எழுதிப் பாருங்கள். பூவைப் பற்றியும் எழுதுங்கள். அதை அந்த இளைஞருக்குக் காட்ட வேண்டாம். உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் வேறு யாரும் உட்காராத ஓர் இடம் இருக்கட்டும்.

அதற்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனின் நோட்டில் நீங்கள் எழுதினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கிண்ணத்துக்குச் சொன்னதையே நோட்டுக்கும் சொல்ல வேண்டியவளாக இருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதி வைத்தவர் அவர். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள் என்று அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது. அதை எழுதும் வரை காத்திருக்காமல், மருத்துவர் தூக்கத்துக்கு என்ன சொன்னார் என்று மட்டும் இந்த வாரமே இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.